நான்கு நெட்வொர்க் மூன்றானால் டேட்டா விலை ஏறுமா?

கேள்வி: கோபுரநிழல்
இரண்டு மொபைல் நிறுவனங்கள் இணையும்போதெல்லாம் "செலவு மிச்சமாகும், விலை குறையும்" என்கிறார்கள். நடப்பில் அப்படித்தானா? சொந்த டவர் இல்லாமல் சிம் விற்கும் எம்விஎன்ஓக்கள் போட்டிக்குப் போதுமா? பிளான்களை எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்: அலைக்கற்றை
செலவு மிச்சமாவது உண்மைதான். அது உங்கள் பில்லில் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஆஸ்திரியாவில் 2013 ஜனவரியில் த்ரீ நிறுவனம் ஆரஞ்சு நிறுவனத்தை வாங்கியதும் நான்கு நெட்வொர்க் மூன்றானது. அதற்குப் பின் விலை ஏறியதை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பே ஆய்ந்து சொன்னது. பிரான்சில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2012 ஜனவரியில் ஃப்ரீ என்ற நிறுவனம் நான்காவதாக நுழைந்து, 19.99 யூரோவுக்கு வரம்பற்ற அழைப்பும் 3 ஜிபியும் தந்தது. பழைய மூவரும் விலையை இறக்க வேண்டியதாயிற்று.

அலைக்கற்றை, டவர், ஃபைபர் எல்லாம் முன்பே கொட்டிய பணம். செல் (ஒரு டவர் சேவை தரும் பரப்பு) நிரம்பாதவரை கூடுதலாக ஒரு ஜிபி தர ஏறக்குறைய செலவே இல்லை. புதியவரின் நெட்வொர்க் காலியாக இருப்பதால் வந்த வரை லாபம். பழையவர் விலையைக் குறைத்தால் இருக்கும் வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் வருமானம் போகும். அதனால் அவர் தானாகக் குறைக்க மாட்டார். இத்தாலியில் விண்ட், த்ரீ இணைப்பை 2016இல் அனுமதித்தபோது ஐரோப்பிய ஆணையம் அலைக்கற்றையையும் டவர் இடங்களையும் புதிதாக நுழையும் இலியாடுக்கு (ஃப்ரீயின் தாய் நிறுவனம்) கொடுக்க வைத்தது இதற்காகத்தான். என் பார்வையில் சரியான நிபந்தனை அதுவே.

பதில்: பேக்ஹால்
எம்விஎன்ஓ மட்டும் போதாது. எம்விஎன்ஓ மொத்தமாக வாங்கும் டேட்டாவின் விலையை (மொத்த விலை) நிர்ணயிப்பது டவர் வைத்திருப்பவர். அவர் சில்லறை விலையை இறக்கி மொத்த விலையை அப்படியே வைத்தால் எம்விஎன்ஓ நசுங்கிவிடும்.

இன்னொன்று, முன்னுரிமை. சில நெட்வொர்க்குகளில் சொந்த வாடிக்கையாளருக்கு க்யூசிஐ (நெரிசலில் யாருக்கு முதலிடம் என்று சொல்லும் எண்) 8, எம்விஎன்ஓவுக்கு 9; எண் கூடினால் முன்னுரிமை குறைவு. சிக்னல் முழுதாகக் காட்டும், மாலையில் வேகம் படுத்துவிடும். ஒரே இடத்தில், ஒரே மாடல் போனில், இரண்டு சிம்மையும் இரவு 9 மணிக்கும் அதிகாலை 5 மணிக்கும் சோதியுங்கள். இரவில் மட்டும் பின்தங்கினால் முன்னுரிமைதான் காரணமாக இருக்கும். இரு வேளையும் ஒரே எண்ணில் நின்றால் பிளானிலேயே வேக வரம்பு இருக்கிறது.

பதில்: சிம்மாற்றி
ஒப்பிடும்போது, தரும் ஜிபியை விடுங்கள். நீங்கள் செலவழிக்கும் ஜிபியால் வகுங்கள். தினசரி வரம்பில் மிஞ்சியது நள்ளிரவில் போய்விடும். 28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், 12 அல்ல. வரம்பு தாண்டி 64 கேபிபிஎஸ் என்றால் 1 எம்பி இறங்கவே 125 நொடி. "அன்லிமிடெட்" என்றாலும் எழுத்துச் செய்திக்கு மேல் உதவாது.

மாறும் முன் பாக்கியைக் கட்டுங்கள். போன் பழைய நெட்வொர்க்குக்கு மட்டும் லாக் ஆகியிருக்கிறதா, புதிய நெட்வொர்க்கின் தாழ் அலைவரிசையை (700, 800 மெகாஹெர்ட்ஸ்) பிடிக்குமா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. போர்ட் (அதே எண்ணோடு நெட்வொர்க் மாறுவது) முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள், எண்ணே போய்விடும்.