லண்டனில் பார்த்த காமெட் விமானத்தின் கூரைத் துண்டு

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் கூரைத் துண்டு ஒன்று இருக்கிறது. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பி, சுமார் இருபது நிமிடத்தில் எல்பா தீவுக்குப் பக்கத்தில் நடுவானில் சிதறிய, பிஓஏசி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானத்தின் துண்டு. அதில் இருந்த 35 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். பாடத்தில் படித்ததை நேரில் பார்க்க வேண்டும் என்றே போனேன்.

துண்டில் ஆன்டெனாவுக்காக வெட்டிய இரண்டு திறப்புகள் இருக்கின்றன. சுற்றிலும் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை, தாறுமாறாகக் கிழிந்த ஓரங்கள். தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. பின்பக்கத் திறப்பின் மூலையருகே, ஒரு துளையில் தொடங்கிய விரிசல்தான் அத்தனைக்கும் காரணம். "சதுர ஜன்னலால் விழுந்த விமானம்" என்று நாங்களும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இங்கே பிளந்தது பயணிகள் ஜன்னலே இல்லை.

இதைக் கண்டுபிடித்த விதம்தான் என்னை அசரவைப்பது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிறுவனத்தில், அதன் இயக்குநர் ஆர்னால்ட் ஹாலின் குழுவினர் இன்னொரு காமெட்டின் முழு உடலையும் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். காற்றை அடைத்துச் சோதித்தால் உடல் வெடித்துச் சிதறிவிடும், விரிசல் எங்கே தொடங்கியது என்றே தெரியாது. தண்ணீர் என்றால் கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். ஒவ்வொரு பயணத்திலும் உயரே போகும்போது உடலுக்குள் அழுத்தம் ஏறி, இறங்கும்போது குறையும். அதேபோல அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மாதிரிப் பயணங்கள் நடத்தினார்கள். நிஜமாகப் பறந்தது 1,221, தொட்டியில் 1,836. மொத்தம் 3,057 ஆனபோது உடல் கிழிந்தது. எல்பா விமானம் பறந்திருந்ததோ 1,290 முறைதான்.

தயாரிப்பாளர்களின் சோதனையில் இதே அமைப்பு 16,000 முறைக்கும் மேல் தாங்கியிருந்தது. அந்தப் பாகத்துக்கு முன்பே வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்திருந்ததால், பலவீனமான மூலைகள் அதிலேயே இறுகிப்போயிருந்தன. சோதனைப் பாகம் தாங்கியது, பறக்கிற விமானம் தாங்கவில்லை.

இதையாவது அன்றைய அறிவின் எல்லை என்று ஏற்றுக்கொள்ளலாம். எனக்கு மனசு ஆறாதது அடுத்த விஷயம். எல்பா விபத்துக்குக் காரணம் தெரியாமலே, தீப்பிடித்திருக்கலாம் என்ற ஊகத்தில் பல மாற்றங்கள் செய்து, மார்ச் 23 அன்று காமெட்டுகளை மறுபடி பறக்கவிட்டார்கள். 16 நாளில், ஏப்ரல் 8 அன்று, நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட் கடலில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். அப்புறம்தான், ஏப்ரல் 12 அன்று, காமெட் ரகத்தின் பறக்கும் தகுதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள்.