மறு: தீயை அணைத்தபின் ஓடும் நச்சு நீருக்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்திருக்கும் பரிந்துரைகள்: தீயணைப்புக் கழிவுநீர், அணைநீர், தீநீர், நஞ்சுநீர். ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்ல இருக்கிறது. அதற்கு முன், இந்தச் சொல் யார் கைக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். நாம் தமிழாக்கிக்கொண்டிருப்பது, திண்ம நச்சுப்பொருள்கள் சிந்தினாலோ தீப்பிடித்தாலோ முதலில் வந்து நிற்பவர்களுக்கான கையட்டை. லாரி ஓட்டுநர், குடோன் மேஸ்திரி, தீயணைப்பு வீரர், அந்த வழியாக ரோந்து வந்த காவலர். அகராதியைப் புரட்ட அவர்களுக்கு நேரம் இருக்காது. சொல்லைப் படித்ததும் கை சரியான பக்கம் போக வேண்டும். நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

முதலில் ‘சிந்தல்’ பற்றிச் சுருக்கமாக. நாளிதழ்கள் எதற்கெடுத்தாலும் ‘ரசாயனக் கசிவு’ என்று எழுதிப் பழகிவிட்டன. வாயு கசியும், எண்ணெய் கசியும். மூட்டை கிழிந்து தூள் தரையில் கிடந்தால் அது எப்படிக் கசிவாகும்? அட்டையில் ‘கசிவு’ என்று போட்டால் படிப்பவர் வால்வைத் தேடுவார். வேறுபாடு வெறும் இலக்கண வேறுபாடும் அல்ல. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் பயன்படுத்தும் அவசரகால வழிகாட்டிக் கையேட்டில், நச்சுப்பொருள்கள் பலவற்றுக்கும் திரவம் என்றால் எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர், திண்மம் என்றால் 25 மீட்டர் ஆட்களை விலக்கி நிறுத்தச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் ‘கொட்டல்’ என்றார். ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ பலகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேண்டுமென்றே செய்த காரியமாகப் படும். ‘சிதறல்’ ஏற்கெனவே இயற்பியலில் ஒளிக்குப் போய்விட்டது. அரிசியும் சிந்தும், பாலும் சிந்தும். கைதவறி நடந்தது என்ற பொருளும் கூடவே வருகிறது. ஆகவே பொதுவாகச் ‘சிந்தல்’, தேவைப்படும் இடத்தில் ‘திண்மச் சிந்தல்’. இதில் யாருக்கும் பெரிய மறுப்பு இராது என்று நினைக்கிறேன்.

உண்மையான சிக்கல் தண்ணீரில்தான் இருக்கிறது.

தூளாகவோ வில்லையாகவோ கிடக்கும் நஞ்சு தானாக எங்கும் போகாது. கிழிந்த மூட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களில் உலர்ந்த மணலை அழுத்தி வைத்துவிட்டால் காற்றுக்கும் பறக்காது. பாதுகாப்பு உடையோடு ஆட்கள் வரும்வரை அங்கேயே கிடக்கும். வந்தபின் அள்ளி டிரம்மில் போட்டு மூடலாம். அதற்குக் கால் முளைப்பது தண்ணீர் பட்டபின். 1998 மே 20 அன்று கிர்கிஸ்தானில், கும்தோர் தங்கச் சுரங்கத்துக்குச் சோடியம் சயனைடு ஏற்றிப்போன லாரி பர்ஸ்கூன் ஆற்றில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 1,760 கிலோ ஆற்றோடு போனது. அதே சரக்கு காய்ந்த சாலையில் கவிழ்ந்திருந்தால் அள்ளி எடுத்திருக்கலாம். ஆற்றில் கரைந்த பிறகு அள்ளுவதற்கு என்ன இருக்கிறது?

தீ என்று வந்துவிட்டால் அந்தத் தண்ணீரை நாமே கொண்டுவந்து ஊற்றுகிறோம். இதற்கு 1986 நவம்பர் 1ஆம் தேதி நடந்ததை விடப் பெரிய பாடம் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை ஒட்டிய ஷ்வைட்சர்ஹாலேயில், சாண்டோஸ் நிறுவனத்தின் 956ஆம் எண் கிட்டங்கி நள்ளிரவுக்குச் சற்றுப் பிறகு எரியத் தொடங்கியது. உள்ளே ஏறத்தாழ 1,350 டன் ரசாயனங்கள்: பூச்சிக்கொல்லிகள், பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லிகள், சாயத் தூள்கள். தீயணைப்புப் படையினர் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். விடிவதற்குள் தீ அடங்கிவிட்டது. ஆனால் அவர்கள் அடித்த தண்ணீர் 1 கோடியிலிருந்து 1.5 கோடி லிட்டர். அதைத் தேக்கிவைக்க அங்கே தொட்டி இல்லை. வடிகால் வழியாக நேரே ரைன் நதிக்குப் போனது, சுமார் 30 டன் நஞ்சையும் கூட்டிக்கொண்டு. சாயம் கலந்ததால் நதி சிவப்பாக ஓடியது. ஏறத்தாழ 1,50,000 விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றங்கரை ஊர்களில் குடிநீர் எடுப்பதை நிறுத்த வேண்டி வந்தது.

தீயை விட அணைத்த தண்ணீர் அதிகம் கொன்றது. அந்தத் தண்ணீருக்குத்தான் நாம் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதன்பின் ஜெர்மனியில், இந்த நீரைத் தேக்கும் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு 1992இல் தனி வழிகாட்டு விதியே வந்தது. பெயர் வைத்து, அளவு சொல்லி, கட்டவும் வைத்தார்கள். நம் அட்டையில் இந்த நீருக்குப் பெயரே இல்லாவிட்டால் அதைத் தடுக்கச் சொல்லி ஒரு வரி எழுத முடியாது.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தீயணைப்புக் கழிவுநீர் என்பதே எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். ‘கழிவுநீர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் கை சாக்கடையைக் காட்டும். கழிவுநீர் என்றாலே வெளியே விட வேண்டியது. கழிவுநீர்க் கால்வாய், கழிவுநீர் வாரியம், கழிவுநீர் லாரி என்று அதன் கூட்டாளிகள் எல்லாரும் வெளியேற்றுகிறவர்கள். நாம் சொல்ல வருவது நேர் எதிர்: விடாதே, பிடித்து வை. பாசலில் நடந்த கேடும் இதுதான், அந்த நீர் பிடிபடாமல் வெளியே போனதுதான்.

‘அணைநீர்’ பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனால் மேட்டூரும் பவானிசாகரும் இருக்கிற நாட்டில் அணைநீர் என்றால் பாசனத்துக்குத் திறந்துவிடும் நீர். நீர்மட்டம் எத்தனை அடி என்று அடுத்த கேள்வி வரும். ‘தீநீர்’ சித்த மருத்துவத்தில் வாலை வடித்து எடுக்கும் மருந்துக்குப் பெயர். ஓமத் தீநீரைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். குடிக்கும் மருந்தின் பெயரை இதற்கு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘நஞ்சுநீர்’ தவறில்லை, ஆனால் அகலம் அதிகம். ஆர்செனிக் கலந்த கிணற்று நீரும் நஞ்சுநீர்தான், சாயப்பட்டறை நீரும் நஞ்சுநீர்தான். தீயை அணைக்கப் போய் உண்டானது என்பது அதில் இல்லை.

என் பரிந்துரை: நச்சுக்கழுநீர்.

கழுநீர் என்றால் அரிசி களைந்த நீர். ஒன்றைக் கழுவிய நீர் அந்த ஒன்றைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நீர் மட்டும் இல்லை, நீரில் இறங்கிய பொருளும் சேர்ந்தது. தீயணைப்பு நீருக்கு நடப்பது அப்படியே இதுதான்: அடுக்கிவைத்த மூட்டைகளின் மேல் விழுகிறது, தூளைக் கரைத்துக்கொள்கிறது, கீழே வரும்போது வேறு திரவமாக வருகிறது.

இதற்குக் குழுவில் ஒரு அம்மா எழுப்பிய மறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

> கழுநீரை மாட்டுக்கு வைக்கிறோம். அது சத்துள்ள தண்ணீர். அந்தச் சொல்லில் ஆபத்தின் வாடையே இல்லையே?

உண்மைதான் அம்மா. அதனால்தான் ‘நச்சு’ முன்னால் நிற்கிறது, பிரித்து எழுதாமல் ஒரே சொல்லாக. ஆனால் நீங்கள் சொன்ன அதே வழக்கம்தான் எனக்கு இந்தச் சொல்லின் பலமாகவும் தெரிகிறது. கழுநீரை யாரும் வாசலில் ஊற்றுவதில்லை. அதற்கென்று ஒரு பானை, ஒரு தொட்டி உண்டு. கழுநீர்ப்பானை, கழுநீர்த்தொட்டி என்ற சொற்களே இருக்கின்றன. கழிவுநீர் ஓடுகிற நீர், கழுநீர் சேர்த்து வைக்கிற நீர். ‘நச்சுக்கழுநீர்த் தொட்டி’ என்று தொழிற்சாலை வரைபடத்தில் எழுதினால் விளக்கக் குறிப்பு தேவைப்படாது.

இதோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லையும் இப்போதே முடித்துவிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரியில் அவசரகாலத் தகவல் பலகை இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதில் பொருளின் பெயர், ஐ.நா. எண், தொலைபேசி எண், அவற்றோடு ஹாஸ்கெம் குறி என்று ஓர் எண்ணும் எழுத்தும். சோடியம் சயனைடுக்கு ‘2 எக்ஸ்’. 2 என்றால் தாரையாகப் பீய்ச்சாதே, நுண்தூவலாகத் தெளி. எழுத்துகளில் பி, ஆர், எஸ், டி வந்தால் சிந்தியதை நிறைய நீர்விட்டு நீர்க்கச் செய்து வடிய விடலாம். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் வந்தால் வடிகாலுக்கோ ஓடைக்கோ போகவிடாமல் பிடிக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து நேர் எதிரான இரண்டு வேலைகளைப் பிரிக்கிறது. முதலாவதற்கு ‘நீர்க்கச் செய்’. இரண்டாவதற்குச் ‘சிறைப்படுத்து’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பழந்தமிழில் சிறை என்றால் அணையும்தான் என்பதால் எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் அட்டைக்குத் ‘தேக்கு’ போதும். ‘நச்சுக்கழுநீரைத் தேக்கு’ என்றால் வயல் பார்த்த எவரும் மண்வெட்டியை எடுத்து வரப்பு போடத் தொடங்குவார். செய்ய வேண்டியதும் அதேதான். வடிகால் வாயைப் பிளாஸ்டிக் தாளும் மணல் மூட்டையும் வைத்து அடைப்பதற்கு ‘மடையடைப்பு’ என்று வைக்கலாம்.

ஒன்றை மட்டும் வரையறையில் விடாமல் சேர்க்க வேண்டும். தண்ணீரே ஆகாத திண்மங்கள் உண்டு. நெல் குடோன்களில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் நீர் பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும். தானே தீப்பற்றவும் கூடும். சயனைடு இருக்கும் இடத்தில் கரியமில வாயு அணைப்பானையும் எடுக்கக் கூடாது. அதுவும் ஈரமும் சேர்ந்தால் அமிலத் தன்மை வந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். ஆகவே வரைவு இப்படி:

நச்சுக்கழுநீர்: நச்சுப்பொருள் எரியும் அல்லது சிந்திய இடத்தில், தீயணைக்கவோ கழுவவோ பயன்படுத்தியதால் நஞ்சேறிய நீர். நுரை, மழைநீர் கலந்திருந்தாலும் இதில் அடங்கும். வடிகாலிலோ நீர்நிலையிலோ விடக் கூடாது. தேக்கி வைத்து, சோதித்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். நீருடன் வினைபுரியும் பொருள்களில் நீரே பயன்படுத்தக் கூடாது.

மழைநீரை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். தீ அணைந்து வண்டிகள் திரும்பிய மறுநாள் பெய்கிற மழையும் சாம்பலிலிருந்து நஞ்சைக் கழுவி இறக்கும். ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவை மழை என்ன செய்தது என்று அந்தப் பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்து எனக்குக் குழுவின் உதவி தேவைப்படும் இடம். பாசல் தீக்குப் பெரும்பாலும் காரணம் என்று ஜூரிக் காவல்துறையின் அறிவியல் பிரிவு சொன்னது பிரஷ்ய நீலம் என்ற நிறமித் தூளை. மூட்டைகளைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றி, உறை சுருங்கிப் பிடிக்கத் தீச்சுடரைக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தூள் சுடரும் அதிகப் புகையும் இல்லாமல் மெல்ல உள்ளுக்குள்ளேயே எரியக்கூடியது. அந்த எரிதலுக்குப் ‘புகைதல்’ என்று போட்டால் புகையைத் தேடி ஏமாந்து போவார்கள். ‘கனற்சி’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் புத்தக வாசனை அடிக்கிறது. உமி மூட்டம் போடுகிற ஊர்களில், செங்கல் சூளைகளில், கரி சுடுகிற இடங்களில் இதற்குப் புழங்கும் சொல் என்ன? தெரிந்தவர்கள் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.

அன்புடன்