கிளாசுக்குள் இறங்கிய வெள்ளை நூல்: உங்கள் பயிரில் நோய் கண்ட அனுபவம்?

நிலாவெளிக் கத்தரி:
மூன்று வருஷமாகியும் மறக்கவில்லை. அரை ஏக்கர் கத்தரி. முதல் பிடுங்கல் முடிந்த கையோடு நாலைந்து கண்டுகள் மத்தியானத்தில் துவண்டன, பொழுதுபட்டதும் நிமிர்ந்தன. வெயில்தானே என்று தண்ணீரைக் கூட்டினேன். இலை மஞ்சளாகவில்லை, பச்சையாகவே செத்தது. கடைக்காரர் தந்த பங்கசு நாசினியை இரண்டு முறை ஊற்றினேன். அப்புறம்தான் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டேன். அவர் தண்டை அடியில் வெட்டி, தேத்தண்ணி குடிக்கிற கிளாசில் தண்ணீர் விட்டு, வெட்டுமுனை மட்டும் நனையப் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் வெட்டிலிருந்து பால் மாதிரி ஒரு நூல் கீழே இறங்கியது. "பக்டீரியா வாடல். பங்கசு மருந்துக்குக் கேளாது" என்றார். நான் பாய்ச்சிய தண்ணீரே வரிசை வரிசையாக அதைக் கொண்டுபோயிருக்கிறது. அந்தக் கிளாசில் இன்னும் தேத்தண்ணி குடிக்க மனம் வரவில்லை.

தம்பலகாமத்தான்:
எனக்கு வயல். பெரும்போகம், கதிர் பால் பிடிக்கிற நேரம். நடுவில் ஒரு பாய் அளவு வட்டமாகக் காய்ந்தது. தண்ணி காணாது என்று வாய்க்காலை வெட்டிவிட்டேன். கிழமைக்குள் பாய் களமாகிவிட்டது. பக்கத்து வயல் மாமா பயிரை விலக்கி, "அடியைப் பார் மகன்" என்றார். தண்ணீருக்குச் சற்று மேலே தவிடு கொட்டியது போல அறக்கொட்டி, தண்டில் சாறு உறிஞ்சுகிற கபிலநிறச் சிறுபூச்சி. கை பட்டதும் தண்டைச் சுற்றி மறுபக்கம் ஒளிகிறது. நான் அதுவரை வரம்பில் நின்று மேலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூதூர் காக்கா:
நிலாவெளித் தம்பி, எல்லா வாடலும் பக்டீரியா இல்லை. எனது கொச்சிக்காயும் வாடியது, கிளாசில் நூல் வரவில்லை. பிடுங்கினால் வேர் அழுகி வழுவழு. தண்ணீர் தேங்கிய நிலம். என் கதை அவ்வளவுதான்.
தம்பலகாமத் தம்பிக்குத்தான் சொல்ல இருக்கிறது. நெருக்கி விதைத்திருப்பீர்கள், யூரியாவையும் அள்ளி வீசியிருப்பீர்கள். அறக்கொட்டிக்கு அதைவிட விருந்து வேண்டாம். காய்ந்த வட்டத்தைக் கண்டால் தண்ணீர் விடக்கூடாது, மூன்று நாலு நாள் வடித்துவிட வேண்டும். கண்ட மருந்தையும் அடித்தால் அதைப் பிடித்துத் தின்கிற சிலந்தி முதலில் சாகும், பிறகு அறக்கொட்டி முன்னையதைவிடப் பெருகும். அடித்தே ஆகவேண்டும் என்றால் குழாய் அடித்தண்டுக்குப் போக வேண்டும். மேல் இலையில் அடிப்பது கடைக்காரருக்குச் செய்கிற உபகாரம்.

தம்பலகாமத்தான்:
காக்கா, நான் கேட்கவே இல்லையே! ஆனால் யூரியா விஷயம் சரி. 2021இல் உரமில்லாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு மூடையைக் கண்டால் கை அடங்குவதில்லை.

குச்சவெளிப் பக்கம்:
கொச்சிக்காய் இலை சுருண்டதும் வைரசு என்று முழுப்பாத்தியையும் பிடுங்கி எரித்தவன் நான். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியாக இருக்கலாம், கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணியாக இருக்கலாம் என்று விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்த பிறகுதான் தெரிந்தது. என்னுடையது மேல்நோக்கி. அழைத்தது எரித்த மறுநாள்.
நிலாவெளி, அந்த நிலத்தில் பிறகு என்ன போட்டீர்கள்?

நிலாவெளிக் கத்தரி:
தக்காளி. காக்கா, ஏசாதீர்கள்.

மூதூர் காக்கா:
கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம் தம்பி! மண்ணில் இருக்கிற கிருமிக்குத் திரும்பவும் சோறு போட்டிருக்கிறீர்கள். சோளம் போட்டிருக்கலாமே!

நிலாவெளிக் கத்தரி:
தெரியும் காக்கா. பூக்கத் தொடங்கிய கிழமை, ஒரு மத்தியானம் தெரிந்துகொண்டேன்.