‘அறிவியல் குறியீடு’ என்பதற்கு மாற்றாகப் ‘பதின்ம அடுக்கு வடிவம்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய எண்களையும் பத்தின் அடுக்குகளைக் கொண்டு சுருக்கி எழுதும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் மடற்குழுவில் நடக்கும் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பாடநூலில் வழங்கும் ‘அறிவியல் குறியீடு’ ஒன்று. சிலர் விரும்பும் ‘திட்ட வடிவம்’ மற்றொன்று. நண்பர் ஒருவர் அண்மையில் சொன்ன ‘பத்தடுக்கு எழுத்து’ மூன்றாவது. மதுரையில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இம்மூன்றையும் மாணவரின் காதில் எப்படி விழும் என்று எண்ணிப் பார்த்து, ‘பதின்ம அடுக்கு வடிவம்’ என்னும் நான்காவது சொல்லை முன்மொழிகிறேன்.

பெயர் வைக்க வேண்டிய பொருள் எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. 1 அல்லது அதற்கு மேற்பட்டதும் 10-ஐ எட்டாததுமான ஓர் எண்ணையும், பத்தின் ஏதேனும் ஒரு முழுவெண் அடுக்கையும் பெருக்கற்குறியால் இணைத்து எழுதுவதே இம்முறை. அவகாட்ரோ மாறிலி ஒரு மோலுக்கு 6.02214076 × 10²³. பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி. இவ்விரண்டும் 2019 மே 20 முதல் வரையறையாலேயே துல்லியமான மதிப்புகள் ஆகிவிட்டன. இடத்தைச் சுருக்குவது மட்டும் இம்முறையின் பயன் அன்று. 1500 மீட்டர் என்று எழுதினால் கடைசி இரண்டு சுழியங்கள் அளந்து கண்டவையா, இடத்தை நிரப்ப வந்தவையா என்பது தெரியாது; 1.5 × 10³ என்றோ 1.500 × 10³ என்றோ எழுதினால் முக்கிய எண்ணுருக்கள், அதாவது அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்கள், இரண்டா நான்கா என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். எனவே முன்னால் நிற்கும் எண் (முன்னெண்), பின்னால் நிற்கும் அடுக்கு ஆகிய இரண்டு உறுப்புகளையும் நினைவூட்டும் பெயரே இதற்குப் பொருந்தும்.

‘அறிவியல் குறியீடு’ இந்த இடத்தில்தான் தவறுகிறது. வேதியியல் வகுப்பில் ‘குறியீடு’ என்றால் சோடியம், இரும்பு போன்ற தனிமங்களைச் சுட்டும் எழுத்துகள். இயற்பியலில் அதே சொல் அலகுகளின் சுருக்க எழுத்துகளைச் சுட்டுகிறது. ஆகவே ‘அறிவியல் குறியீடு’ என்று கேட்கும் மாணவர், அறிவியலில் வழங்கும் ஏதோ ஒரு சின்னம் என்று பொருள் கொள்வதில் வியப்பில்லை. ‘அறிவியல்’ என்னும் அடைமொழி இம்முறையைக் கையாள்பவர் யார் என்பதைச் சொல்கிறதே ஒழிய, முறை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. இலங்கைப் பாடநூல்களில் அறிவியலுக்கு ‘விஞ்ஞானம்’ என்பதே வழக்கு என்பதால், இந்த அடைமொழியை வைத்துக்கொள்ளும் வரை இரு கரையிலும் ஒரே சொல் வழங்கும் வாய்ப்பும் இல்லை.

‘திட்ட வடிவம்’ பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பல்லுறுப்புக் கோவைக்கும் இருபடிச் சமன்பாட்டுக்கும் அச்சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது.

‘பத்தடுக்கு’ என்பதே நான் விரும்பும் சொல்லுக்கு மிக அருகில் வருகிறது. ஆயினும் தமிழில் எண்ணுப்பெயரை அடுத்து ‘அடுக்கு’ வந்தால், அது அடுக்குகளின் எண்ணிக்கையையே குறிக்கும். ஈரடுக்கு மேம்பாலம், மூன்றடுக்குப் பாதுகாப்பு என்பவற்றை நாளிதழில் படித்துப் பழகியவர், பத்தடுக்கு என்பதைப் பத்து அடுக்குகள் உடையது என்றோ, கணக்கில் பத்தாம் அடுக்கு என்றோதான் கொள்வார். ‘பதின்மம்’ என்னும் சொல்லோ பத்தை அடிமானமாகக் கொண்ட எண்முறைக்கென்றே வழங்குவது. புள்ளி வைத்து எழுதும் எண்ணைத் தசம எண் என்பதுபோலப் பதின்ம எண் என்றும் சொல்கிறோம். ‘பதின்ம அடுக்கு’ என்றால் அடிமானம் பத்து என்பதும், அடுக்கு எதுவாகவும் இருக்கலாம் என்பதும் ஒருங்கே கிடைக்கின்றன.

இச்சொல்லுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. கணிப்பொறி மிதவைப்புள்ளி எண்களை, அதாவது புள்ளியின் இடம் மாறக்கூடிய எண்களை, சேமிக்கையில் இதே முறையைப் பத்துக்குப் பதிலாக இரண்டை அடிமானமாகக் கொண்டு கையாள்கிறது. 1985-இல் வெளியான ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்னும் கணிப்பொறி எண்களுக்கான தரநிலைப்படி 64 பிட் எண் ஒன்றில் குறிக்கு ஒரு பிட்டும், அடுக்குக்கு 11 பிட்டுகளும், பின்னப் பகுதிக்கு 52 பிட்டுகளும் ஒதுக்கப்படுகின்றன. இதனை ‘இரும அடுக்கு வடிவம்’ என்று சொல்லிவிடலாம். புதுச் சொல் தேட வேண்டாம். பொறியாளர்கள் அடுக்கை மூன்றின் மடங்காகவே வைத்து எழுதும் வகையை ‘பொறியியல் குறியீடு’ என்று தனித்து நிற்கவிடாமல், ‘மும்மைப் பதின்ம அடுக்கு வடிவம்’ என்று உறவு தெரியச் சொல்ல முடியும். இந்த மும்மை வகை நம் மாணவர்க்கு எளிதில் படிவதில்லை. இலட்சம் 10⁵, கோடி 10⁷ என்று நம் எண்ணுப்பெயர்கள் இரண்டிரண்டாக ஏறுகையில், மில்லியன் 10⁶, பில்லியன் 10⁹ என்று அவை மூன்று மூன்றாக ஏறுகின்றன. ஒரு டி.எம்.சி. தண்ணீர் என்பது நூறு கோடி கனஅடி, அதாவது 10⁹ கனஅடி அல்லது ஏறத்தாழ 2.83 × 10¹⁰ லிட்டர் என்று வைகை அணையின் இருப்பைக் கொண்டு பயிற்சி கொடுத்தால், இரு வரிசைகளும் எங்கே சந்திக்கின்றன என்பது அவர்களுக்குப் புலப்படுகிறது.

இம்முறை தமிழுக்கு அயலானது என்ற கருத்தும் இங்கு எழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. 3782 என்பதைத் தமிழ் எண்களில் ௩௲௭௱௮௰௨ என்று எழுதினார்கள். ஒன்று முதல் ஒன்பது வரையிலான ஓர் எண், அதை அடுத்துப் பத்து, நூறு, ஆயிரம் என்னும் பத்தின் அடுக்குக்கு உரிய ஒரு குறி. முன்னெண்ணும் அடுக்கும் சேர்ந்து நிற்கும் அமைப்பு இதிலேயே இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக் குறியோ தனிப் பெயரோ வைத்துக்கொண்டு நெடுந்தொலைவு போக முடியாது. பரிபாடலின் இரண்டாம் பாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களை அடுக்குகிறது; பெயர்கள் அழகானவை, ஆனால் அவற்றின் மதிப்பு நூலுக்கு நூல் வேறுபடுகிறது. அடுக்கை எண்ணாலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

எதிர்க்குறி அடுக்குகளுக்கு என்ன சொல்வது என்று குழுவின் சென்ற மடலில் கேட்டிருந்தார்கள். ‘மேலடுக்கு’, ‘கீழடுக்கு’ என்று இருவர் பரிந்துரைத்தனர். மழைக்காலம் வந்தால் நாள்தோறும் வானிலைச் செய்தியில் ‘மேலடுக்குச் சுழற்சி’யைக் கேட்கும் நாட்டில் அது வேறு பொருளுக்கு இழுத்துவிடும். பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியில் முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும், ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் வழங்கிய மரபு நமக்கு உண்டு. முந்திரி 1/320, அதன் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1/102400, ஏறத்தாழ 9.77 × 10⁻⁶. ஒன்றுக்குக் கீழே இறங்குவதைச் சுட்டவே ‘கீழ்’ என்பது அங்கே வந்திருக்கிறது. எனவே 10²³ என்பதில் உள்ளது ‘மேல்வாய் அடுக்கு’, 10⁻³⁴ என்பதில் உள்ளது ‘கீழ்வாய் அடுக்கு’ என்று கொள்ளலாம்.

வாய்விட்டுப் படிக்கும்போது இதன் தேவை நன்றாகத் தெரியும். தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே நிறுவத் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் கருவிக்கு 50,000 டன் இரும்பு, அதாவது 5 × 10⁷ கிலோகிராம், வேண்டும் என்று சொன்னார்கள். நியூட்ரினோவின் நிறையோ 1.8 × 10⁻³⁶ கிலோகிராமையும் எட்டாதது. கீழடி போன்ற இடங்களின் காலத்தைக் கணிக்க உதவும் கார்பன்-14, உயிருள்ள பொருளில் உள்ள கார்பன் அணுக்களில் ஏறத்தாழ 10¹²-க்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. தமிழ் வழியில் பயில்பவரும் இவற்றை ‘டென் பவர் மைனஸ் தர்ட்டி சிக்ஸ்’ என்றே படிக்கிறார்கள். படிப்பதற்கு ஒரு தமிழ்த் தொடர் அவர்களுக்குக் கொடுக்கப்படாததே இதற்குக் காரணம். ‘ஒன்று புள்ளி எட்டு, பத்தின் கீழ்வாய் முப்பத்தாறு’ என்பது நாக்குக்கு இடறாத தொடர் என்று நம்புகிறேன். மேல்வாய் அடுக்குக்கு அடைமொழி வேண்டாம். ‘ஐந்து, பத்தின் அடுக்கு ஏழு’ என்றாலே போதும்.

கிலோ, மெகா, நானோ முதலிய முன்னொட்டுகளையும், 2022-இல் சேர்க்கப்பட்ட ரோனா, குவெட்டா, ரொன்டோ, குவெக்டோ ஆகியவற்றையும் ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அவை உலகப் பொதுவான பெயர்கள்.

முன்னால் நிற்கும் எண்ணுக்கு இம்மடலில் ‘முன்னெண்’ என்று எழுதி வந்தேன். இயற்கணிதத்தின் ‘கெழு’ என்பதையே இங்கும் வைத்துக்கொண்டால் போதும் என்று கருதுபவர்கள் இருக்கலாம். கெழு எந்த மதிப்பையும் பெறலாம், இந்த எண் 1-க்கும் 10-க்கும் இடையில் கட்டுப்பட்டது என்பதால்தான் தனிச்சொல்லை விரும்புகிறேன். ‘முன்னெண்’, ‘கெழு’ இரண்டில் எது பொருந்தும் என்பதையும், ‘கீழ்வாய் அடுக்கு’ என்பதைத் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் ஏற்பார்களா என்பதையும் அவ்வகுப்புகளை நடத்தும் உறுப்பினர்கள் எழுத வேண்டுகிறேன்.