ஜெர்மனியில் குழந்தைகள் நல அலுவலகமான யூகெண்டாம்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மனைவியையும் பாப்பாவையும் ஊருக்கு அனுப்பிவிடலாமா?

புதுவரவு:
வணக்கம். அவசரம், யாராவது உடனே சொல்லுங்கள். இன்று தபால் பெட்டியில் யூகெண்டாம்ட் என்று தலைப்புப் போட்ட கடிதம் கிடந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் "உங்கள் பிள்ளைக்குக் கண்காணிப்பு தேவை", "சான்றுகள்", "காலக்கெடு" என்று வருகிறது. போன வியாழன் இரவு பாப்பா தூங்காமல் அடம்பிடித்து அழுதாள். மனைவி முதுகில் ஒன்று வைத்துவிட்டாள். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவர்தான் புகார் கொடுத்திருக்க வேண்டும். மனைவி அழுதுகொண்டே பெட்டி கட்டுகிறாள். சனிக்கிழமைக்கு டிக்கெட் இருக்கிறது. அனுப்பிவிடலாமா?

ஸ்டுட்கார்ட்வாசி:
முதலில் வக்கீல் பிடியுங்கள். வக்கீல் இல்லாமல் யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள். பெர்லினில் ஒரு இந்தியக் குழந்தையை யூகெண்டாம்ட் எடுத்துக்கொண்டுபோய் வருடக்கணக்கில் வழக்கு நடப்பது செய்தியில் வந்ததே. விளையாட்டில்லை இது.

ஹம் அக்கா:
தம்பி, கதவைப் பூட்டி வைக்காதேங்கோ, அதுதான் பிழையாய்ப் போகும். யூகெண்டாம்ட் ஆக்கள் வந்தால் உள்ளே கூப்பிட்டு, இருத்தி, கதைக்க வேணும். நாங்கள் 1991இல் இங்கே வந்தனாங்கள். அகதி முகாமில் ஒரு அறையில் நாலு பேர், பொதுச் சமையலறை, மகளுக்கு இரண்டு வயது. விசா சரிவராத வரைக்கும் கிண்டர்கெல்ட், அதுதான் பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் தாற காசு, ஒரு சதமும் கிடைக்கேல்லை. அந்த நாளில் மகளுக்குப் பால்மாவும் குளிருக்குச் சப்பாத்தும் தேடித் தந்தது யூகெண்டாம்ட்டில் இருந்த ஒரு மனிசிதான். அவவை நான் இன்னும் மறக்கேல்லை.

மூனிச் அப்பா:
கடிதம் கிடக்கட்டும், கிட்டாவுக்கு, அதாவது பகல்நேர மழலையர் காப்பகத்துக்கு, பதிவு செய்துவிட்டீர்களா? ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நாங்கள் இருபதுக்கும் மேல் இடங்களில் எழுதிப்போட்டு பதினோரு மாதம் காத்திருந்தோம். மனைவிக்கு வந்த வேலை கைவிட்டுப் போனது. மாதக் கட்டணம் வேறு தனியாக. வேலை விசாவில் இருப்பவர்களுக்கு கிண்டர்கெல்டும் கிடையாது.

ஸ்டுட்கார்ட்வாசி:
அது தவறு. நான் புளூ கார்டு என்ற வேலை விசாவில்தான் இருக்கிறேன், வந்த வருடத்திலிருந்து வாங்குகிறேன். 2025இல் பிள்ளைக்கு மாதம் 255 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 259. கிண்டர்கெல்ட் தரும் அலுவலகமான ஃபமீலியன்காஸவில் இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் வரி எண்ணும் உங்கள் வரி எண்ணும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள், தள்ளிப்போட்டால் பணம் போய்விடும்.

மூனிச் அப்பா:
அப்படியா, எனக்கு அலுவலகத்தில் ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக்கே போடுகிறேன். ஆனாலும் இந்த நாட்டில் ஒன்றுக்கும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாமே தபால். குழந்தை மருத்துவரைக் கூப்பிட்டால் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்கிறார்கள்.

லைப்சிக் மாணவி:
ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறந்திருக்காது. சத்தமாகச் சிரித்தால்கூட மேலே இருந்து தட்டுகிறார்கள்.

பெர்லின் செவிலி:
கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த வீட்டில் ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். புதுவரவு, எந்த ஊர்? பாப்பாவுக்கு எத்தனை வயது? சமீபத்தில் ஏதாவது விண்ணப்பம் போட்டீர்களா? கடிதத்தின் மேலே தடித்த எழுத்தில் இருக்கும் வரியை அப்படியே எழுத்துக்கூட்டிப் போடுங்கள்.

புதுவரவு:
பெர்லின். மூன்று வயது இரண்டு மாதம். மூன்று வாரம் முன்பு கிட்டா கூட்ஷைனுக்கு (கிட்டாவில் சேர்க்கத் தரும் சீட்டு) விண்ணப்பித்தேன், அது வேறு விஷயம் என்று நினைத்துச் சொல்லவில்லை. தலைப்பில் "பெட்ரொயுங்ஸ்பெடார்ஃப்" என்று இருக்கிறது. கீழே என் மனைவி பெயரும் ஒரு தேதியும்.

பெர்லின் செவிலி:
பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பெர்லினில் கிட்டா கூட்ஷைன் தருவதே உங்கள் பகுதி யூகெண்டாம்ட்தான். பெட்ரொயுங் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, பெடார்ஃப் என்றால் தேவை. மொழிபெயர்ப்புச் செயலி பெட்ரொயுங்கைக் கண்காணிப்பு என்று போட்டுவிட்டது. பாப்பாவை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கிட்டாவில் விட வேண்டும், அதற்கு என்ன காரணம் என்பதுதான் கேள்வி. முழுநேர இடம் கேட்டிருப்பீர்கள். அதற்கு அம்மா வேலைக்கோ படிப்புக்கோ போகிறார் என்ற சான்று வேண்டும்.

மனைவியின் வேலை ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல், ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருந்தால் அந்தச் சான்று. கடிதத்தில் உள்ள கோப்பு எண்ணை ஒவ்வொரு தாளிலும் எழுதி, தேதிக்குள் அனுப்புங்கள். கையில் இல்லை என்றால் அவகாசம் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள், ஆனால் அதையும் தேதிக்கு முன்பே. சான்று ஒன்றும் இல்லாவிட்டாலும் பகுதிநேர இடத்துக்கு உரிமை உண்டு. 2018 ஆகஸ்டிலிருந்து பெர்லினில் கிட்டாவுக்குக் கட்டணம் கிடையாது, மதிய உணவுக்கு மாதம் 23 யூரோ மட்டும். மூனிச் அப்பா சொன்னது அவர் ஊரில் சரி, மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பாப்பாவின் தடுப்பூசி அட்டை ஊரிலிருந்து கொண்டுவந்தீர்களா? தட்டம்மைக்கு இரண்டு ஊசி போட்டதற்குச் சான்று இல்லாமல் கிட்டாவில் சேர்க்க மாட்டார்கள், 2020 மார்ச்சிலிருந்து அது சட்டம். நம் ஊரில் முதல் ஊசியை ஒன்பதாவது மாதத்திலேயே போட்டுவிடுவார்கள். அது கணக்கில் சேருமா என்று இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. கடிதம் வேறு என்பதற்காக அதை விட்டுவிட முடியாது. இங்கே 2000இலிருந்து பிள்ளையை அடிப்பது சட்டப்படி கூடாது, ஒரு தட்டு என்றாலும். நம் எல்லோருக்கும் வீட்டில் விழுந்திருக்கிறது, எனக்கும்தான். என் வார்டில் வரும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு அதைச் சாதாரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மனைவி கெட்ட அம்மா இல்லை. புது ஊர், மொழி தெரியாது, துணைக்கு அம்மா இல்லை, நாள் முழுக்க பாப்பாவோடு தனியாக. பிள்ளை வளர்ப்பு ஆலோசனை என்று ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறது, இலவசம். அங்கே பேசுவதை வெளியே சொல்ல மாட்டார்கள். போகச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள்.

ஸ்டுட்கார்ட்வாசி:
நான் பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும். யூகெண்டாம்ட் பிள்ளையைக் கூட்டிப்போனாலும் பெற்றோர் சம்மதிக்கவில்லை என்றால் அவர்கள் உடனே திருப்பித் தர வேண்டும் அல்லது குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த பெர்லின் குழந்தைச் செய்திதான் என் மனதில் இருந்தது.

ஹம் அக்கா:
தம்பி, கீழ் வீட்டு மனிசனுக்கு ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கோ. அவர் என்னத்துக்கு வந்தவர் என்று கேட்டனீங்களே?

புதுவரவு:
கேட்கவில்லை. கதவையே திறக்கவில்லை. மனைவிக்கு வேலை இல்லை, ஆனால் அடுத்த மாதம் ஜெர்மன் வகுப்பு தொடங்குகிறது, சேர்க்கைத் தாள் இருக்கிறது. கடிதத்தில் உள்ள கடைசித் தேதி 14. நாளைக் காலையிலேயே அனுப்புகிறேன். தடுப்பூசி அட்டை மாமியாரிடம் மதுரையில் இருக்கிறது, இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆலோசனைக்கு நேரம் எப்படி வாங்குவது, போனிலா, நேரில் போக வேண்டுமா?

பெர்லின் செவிலி:
போனில் வாங்கலாம். ஜெர்மன் பேசத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், திங்கள் எனக்கு விடுப்பு. நான் பேசித் தருகிறேன்.