2007 பான்டியாக் சால்ஸ்டிஸ் வாங்கலாமா? நான்கே ஆண்டில் நின்றுபோன கார் என்று பயமுறுத்துகிறார்கள்

மிச்சிகன்வாசி:
என் பட்ஜெட்டுக்குள் கூரையை மடிக்கக்கூடிய இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வருகின்றன. ஒன்று 2007 சால்ஸ்டிஸ். மற்றது அதே வயதுள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5. சால்ஸ்டிஸ் விலையும் குறைவு, அழகும் கூடுதல். ஆனால் 2005இல் வந்த வண்டியை 2009இலேயே நிறுத்திவிட்டார்கள். மாஸ்டாவோ 1989 முதல் இன்றுவரை விற்கிறது. சால்ஸ்டிஸில் ஏதாவது அடிப்படைக் கோளாறா? பாகங்கள் கிடைக்குமா?

கியர்பெட்டி:
வண்டியின் மேல் பழி போடாதீர்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது தங்கள் பான்டியாக் பிராண்டையே மூட முடிவெடுத்தார்கள். டெலவேரில் இதைத் தயாரித்த வில்மிங்டன் தொழிற்சாலையும் போயிற்று. அங்கேயே பிறந்த சாட்டர்ன் ஸ்கை காரும் கூடவே முடிந்தது. 2.4 லிட்டர் இகோடெக் எஞ்சின் ஜெனரல் மோட்டார்ஸின் சாதாரணக் கார்களிலும் ஓடியதுதான், அதற்கு அலைய வேண்டாம். கதவு, பானெட், முகப்பு விளக்கு இவைதான் தலைவலி. எங்காவது இடித்துக்கொண்டால் பழைய இரும்புக் கடைகளே கதி.

சக்கரம்:
திவால் பாதிக் காரணம்தான் ஐயா. மலிவு விலை ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படுகிறவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வாங்கிவிடுகிறார்கள். பிறகு யார் வருவார்கள்? இரண்டே இருக்கை, குடும்பஸ்தனுக்கு உதவாது. இதே பான்டியாக்கின் பழைய இரண்டு இருக்கைக் காரான ஃபியேரோவைப் பாருங்கள்: 1984இல் தயாரானவை சுமார் 1,37,000, 1988இல் சுமார் 26,000. எஞ்சின் தீப்பிடித்த செய்திகளும் அதன் பெயரைக் கெடுத்தன. கொடுமை என்னவென்றால், சரியான சஸ்பென்ஷன் கிடைத்ததே அந்தக் கடைசி ஆண்டில்தான்! பலரும் கொண்டாடும் ஹோண்டா எஸ்2000கூட 2009இல் வாரிசு இல்லாமல் முடிந்தது. மாஸ்டா உலகமெங்கும் விற்றது, எடை ஏறாமல் பார்த்துக்கொண்டது, விற்பனை சரியும்போது புதிய தலைமுறையை இறக்கியது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது.

மிச்சிகன்வாசி:
நன்றி. சால்ஸ்டிஸ் டிக்கியில் ஒரு பெட்டியாவது வைக்க முடியுமா?

கியர்பெட்டி:
கூரையை மடித்தால் மறந்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் நடுவே புடைத்துக்கொண்டு நிற்கும். வாங்குமுன் லிஃப்டில் ஏற்றி, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மாஸ்டாவையே எடுங்கள்.