உதவி: பிஎல்ஓடி1 ரிப்போர்ட்டில் ஒரே ஒரு மாற்றம். அப்படியென்றால் நோய் இல்லையா?

செங்காங்_அப்பா | இரவு 11.52
வணக்கம். மகனுடைய ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் இன்று வந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் 2 வாரம் இருக்கிறது. எலர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத் திசு நோய்க்கான பிஎல்ஓடி1 ஜீனில் நோய் உண்டாக்கும் மாற்றம் ஒன்று, ஒரு பிரதியில் மட்டும், இரண்டாவது மாற்றம் தென்படவில்லை என்று போட்டிருக்கிறது. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மனைவி இன்னும் தூங்கவில்லை.

தேக்கா_மணி | காலை 6.30
தம்பி, பையனுக்கு என்ன வயது? எதற்காக டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள்? முதுகா, கண்ணா, மூட்டா? இதெல்லாம் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

உட்லண்ட்ஸ்_ரவி | காலை 7.15
பையன் ஒல்லியாக, கை கால் நீளமாக இருப்பானா? மார்ஃபான் என்ற இன்னொரு இணைப்புத் திசு நோயாக இருக்கலாம். என் அண்ணன் மகனுக்கு அதுதான். அதற்கு எஃப்பிஎன்1 என்ற ஜீன், 1991இல் கண்டுபிடித்தார்கள். கண் லென்ஸ் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹோமோசிஸ்டினூரியா என்று இன்னொன்றும் உண்டு. உருவம் மார்ஃபான் மாதிரியே இருக்கும், ஆனால் அது நொதிக் குறைபாடு. பாதிப் பேருக்கு வைட்டமின் பி6 கொடுத்தாலே குறையும். அதையும் விடாதீர்கள்.

பழைய_உறுப்பினர் | காலை 8.02
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! கேட்பதற்கு முன் ஒரு தடவை தேடிப் பார்க்கலாம். பிஎல்ஓடி1 ஒடுங்கு மரபணு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் என்றால் கேரியர், அதாவது நோய் இல்லாமல் மாற்றத்தைச் சுமப்பவர். உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஜூரோங்_கலா | காலை 8.40
அண்ணா, அந்த ஜீன் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு ரத்தம் கசிந்து பல் உதிர்வதும் இந்தக் குடும்ப நொதிகள் படுத்துவிடுவதால்தான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வைட்டமின் சி ஆரம்பியுங்கள். என் மகளுக்கு மூட்டு வலி குறைந்தது.

தேக்கா_மணி | காலை 9.05
கலா, உங்கள் மகளுக்கு எந்த வகை என்று முன்பு சொன்னீர்கள்?

ஜூரோங்_கலா | காலை 9.11
எலர்ஸ்-டான்லோஸில் ஹைப்பர்மொபைல் வகை, மூட்டு அளவுக்கு மீறி வளையும். அதற்கு இன்னும் ஜீன் கண்டுபிடிக்கவில்லை.

தேக்கா_மணி | காலை 9.14
அப்படியானால் இந்தப் பையனுக்கும் அது பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

செங்காங்_அப்பா | மதியம் 1.20
மன்னியுங்கள், நேற்று இருந்த பதற்றத்தில் முழுவதும் எழுதவில்லை. பையனுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே உடம்பு தளர்ச்சி. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் துணி மூட்டை மாதிரி நழுவுவான். முதுகுத்தண்டு வளைவு ஒரு வயதிலேயே தெரிந்தது, இப்போது பட்டை போட்டிருக்கிறோம். தோளும் முட்டியும் சட்டென்று விலகிவிடும். போன மாதம் படியில் முழங்கால் இடித்தான். காயம் ஆறிய இடம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து சுருங்கியிருக்கிறது. கண்ணில் மைனஸ் பவர். காது நன்றாகக் கேட்கும்.

லேப்_வாணி | மாலை 6.48
அண்ணா, மரபணு லேபில் வேலை பார்த்தவள் நான். நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கும் ரிப்போர்ட்டுக்கும் பொருத்தம் இருக்கிறது. ஆகவே "ஒன்று மட்டும்தான், கேரியர்" என்று முடித்துவிடக் கூடாது.

பிஎல்ஓடி1 செய்வது லைசில் ஹைட்ராக்சிலேஸ் 1 என்ற நொதி. உடம்பைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத இழையிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் அது ஒரு ஆக்சிஜன் கொக்கியைப் போடுகிறது. அந்தக் கொக்கியில்தான் பக்கத்து இழை வலுவாகக் கோத்துக்கொள்ளும். கொக்கி இல்லாவிட்டால் எலும்பு, தோல், கண் வெள்ளை எல்லாமே தளரும். இதுதான் எலர்ஸ்-டான்லோஸ் நோயில் கைஃபோஸ்கோலியோடிக் வகை, முதுகு கூனி வளைவது. இந்த நொதிக் குறைபாட்டை முதலில் எழுதியது 1972இல். 2017இல் பிரித்த 13 வகைகளில் இதுவும் ஒன்று. இதே வகை எஃப்கேபிபி14 ஜீனாலும் வரும், அதில் காது கேட்காமல் போவது அதிகம். உங்கள் பையனுக்குக் காது சரி என்பதால் பிஎல்ஓடி1 பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

இப்போது முக்கியமான இடம். வழக்கமான டெஸ்ட் எழுத்து எழுத்தாகப் படிக்கும். இந்த ஜீனில் அதிகம் காணப்படும் மாற்றம் எழுத்துப் பிழையே இல்லை, 10 முதல் 16 வரையிலான எக்ஸான்கள், அதாவது ஜீனின் துண்டுகள், இரட்டிப்பாகிவிடுவது. புத்தகத்தில் பத்தாம் பக்கத்திலிருந்து பதினாறாம் பக்கம் வரை இரண்டு முறை பைண்டு பண்ணியது மாதிரி. எழுத்துப் பிழை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் அது படாமல் போகலாம். ஒரு பிரதியில் எழுத்துப் பிழை, மற்ற பிரதியில் இந்த இரட்டிப்பு என்று இருந்தால், ரிப்போர்ட்டில் ஒன்று மட்டும்தான் வரும்.

டாக்டரிடம் இரண்டு கேளுங்கள். டெலிஷன்-டூப்ளிகேஷன், அதாவது ஜீனின் துண்டு விடுபட்டதா, இரட்டித்ததா என்று பார்த்தார்களா? சிறுநீரில் டிஆக்சிபிரிடினோலின், பிரிடினோலின் என்ற கொலாஜன் இணைப்புப் பொருள்களின் விகிதம் பார்க்க முடியுமா? இந்த நோயில் அந்த விகிதம் பல மடங்கு ஏறியிருக்கும். வெளியே அனுப்ப வேண்டியிருக்கலாம், ஆனால் ஜீன் முடிவு தெளிவாக இல்லாதபோது அது மிகவும் உதவும். உங்கள் இருவருடைய ரத்தத்தையும் எடுத்தால் எது யாரிடமிருந்து வந்தது என்று தெரியும்.

கண்ணில் அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் கண்விழியின் வெள்ளைச் சுவர் பலவீனமானது. இதயமும் ரத்தக்குழாயும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பழைய_உறுப்பினர் | இரவு 7.30
இரட்டிப்பு விஷயம் எனக்குத் தெரியும். அவர் அறிகுறியே சொல்லவில்லை, அதனால் அப்படி எழுதினேன். இந்த மாதிரி நோய் எல்லாம் சொந்தத்தில் கட்டுவதால் வருவது. நம் ஆட்கள் மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுவதை நிறுத்தினால் பாதி குறையும்.

உட்லண்ட்ஸ்_ரவி | இரவு 7.44
மார்ஃபான் ஓங்கு மரபு. ஒரு பிரதி போதும், சொந்தத்தில் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வரும். எங்கள் வீட்டில் யாரும் சொந்தத்தில் கட்டவில்லை. அந்த அப்பா இப்போதுதான் கேள்வி கேட்டிருக்கிறார், அவர் குடும்பத்தைப் பற்றித் தெரியாமல் பேசாதீர்கள்.

பழைய_உறுப்பினர் | இரவு 7.51
நான் ஒடுங்கு மரபைச் சொன்னேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

லேப்_வாணி | இரவு 8.10
ஒடுங்கு மரபில் சொந்தக் கல்யாணம் வாய்ப்பைக் கூட்டும், அது சரி. ஆனால் அப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டு பிரதியிலும் அதே மாற்றம் இருக்கும். இங்கே ஒன்றுதான் தெரிகிறது. நான் சந்தேகப்படுவது சரியென்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறு மாற்றம். அதைச் சொந்தத்தோடு முடிச்சுப் போட முடியாது. எப்படியானாலும் அடுத்த கர்ப்பத்தில் நான்கில் ஒரு வாய்ப்பு என்பதை மரபணு ஆலோசகர் சொல்லுவார், அதற்குத்தான் பெற்றோர் டெஸ்ட்.

ஜூரோங்_கலா | இரவு 8.33
வாணி, அப்போது வைட்டமின் சி வேண்டாமா?

லேப்_வாணி | இரவு 8.41
சில டாக்டர்கள் கொடுத்துப் பார்ப்பார்கள் அக்கா. நொதி கொஞ்சமாவது வேலை செய்தால் உதவலாம் என்ற எண்ணம்தான், நிரூபணம் போதாது. டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

தேக்கா_மணி | 16 நாள் கழித்து
செங்காங் தம்பி, என்ன ஆச்சு?

செங்காங்_அப்பா | அன்று இரவு
பார்த்துவிட்டோம். டூப்ளிகேஷன் பார்க்கவில்லை என்று டாக்டரே சொன்னார், மறுபடி அனுப்பியிருக்கிறார். சிறுநீர் கொடுத்தோம், எங்கள் ரத்தமும் எடுத்தார்கள். நானும் மனைவியும் சொந்தம் இல்லை. கண் டாக்டரிடம் அடுத்த வாரம். வாணிக்கு நன்றி.